அறுபத்தெட்டில் போன அந்தோணியார்

அரசாங்கம் நமக்குக் கடிதம் போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது போனில் டொய்ங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடன் வேண்டுமா என்று கேட்பவனும் அதே சத்தத்தோடுதான் வருகிறான்; உங்கள் பேரில் பார்சல் வந்திருக்கிறது என்று சொல்லும் திருடனும் அதே சத்தத்தோடுதான் வருகிறான். ஆகையால், செவ்வாய்க்கிழமை காலையில் கரையான்சாவடி வேதமுத்துவின் போனில் அந்தச் சத்தம் கேட்டபோது, வந்திருப்பது அரசாங்கமா திருடனா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும் பிடிபட்டிருக்காது. உங்களுக்குப் பிடிபடும் என்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான், போங்கள்.

செய்தி இதுதான்: உங்கள் வாகனம் ஞாயிறு மாலை 6.42 மணிக்குக் கரையான்சாவடி மெயின்ரோட்டில் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அனுமதிக்கப்பட்ட வேகம் 40. கீழே உள்ள லிங்க்கைத் தொட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும்.

"ரெனிதாப்பா, தொடாத. தொட்டா போன் பூடும்" என்றாள் ஞானகுமாரி. வேதமுத்துவின் மனைவி. திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் செக்கிங் வேலை பார்க்கிறாள். பத்து டப்பாவுக்கு ஒரு டப்பாவைப் பிரித்துப் பார்த்தால்தான் அங்கே சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு.

"திருட்டுப் பசங்க மெசேஜ்தான்" என்றார் வேதமுத்து.

"திருடனே அனுப்பட்டும். ஆறு நாப்பத்திரண்டுக்கு உன் வண்டி மெயின்ரோட்டுல கீதுன்னு அவனுக்கு எப்டித் தெரியும்?"

"நீயும்தான வந்த? நான் தேரோடதான நடந்துகினு இருந்தேன்."

"நான் பொம்பளைங்க வரிசைல பின்னாடி பாடிகினு வந்தேன். முன்னாடி நீ இருந்தியா, அறுபத்தெட்டுல எவளயாச்சும் பாக்கப் பூட்டியா, யாரு கண்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தெருவின் சின்ன அந்தோணியார் கோயிலில் ஒரு மரத்தேர் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அச்சு முறிந்துபோனது. அது முதல் வேதமுத்துவின் குட்டியானைதான் தேர். குட்டியானை என்றால் அவர் சோற்றுக்கு ஓட்டும் சின்ன லோடு வேன். ஆனால் இன்ஜினைப் போட்டு ஓட்டினால் அது தேர் ஆகாது, லோடு ஆகிவிடும் என்று கோயில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. அதனால் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டு, முன்னால் வடம் கட்டி, நேர்ந்துகொண்ட முப்பது பேர் வெறுங்காலோடு இழுப்பார்கள். உள்ளே ஒருவரும் உட்காரக் கூடாது. வேதமுத்து பக்கத்தில் நடந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவார். மேலே பூ அலங்காரத்தில் அந்தோணியார் மட்டும் நிற்பார். முக்கால் கிலோமீட்டர் பவனிக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும்.

அந்த வண்டிதான் அறுபத்தெட்டில் போயிருக்கிறது.

மற்ற எந்த வாரமாக இருந்தாலும் வேதமுத்து இதைத் துடைத்துப் போட்டிருப்பார். இந்த வாரம் முடியாது. ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலைக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். டிரைவரின் பிள்ளைக்கு அங்கேயே படிக்க இடம் உண்டு. மகள் ரெனிதா ஒன்பதாவதுக்கு அங்கே போவதாக அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு காகிதம் பாக்கி. வேகமின்மைச் சான்று. இவர் பேரில் வேகக் குற்றம் ஏதும் கிடையாது என்று மேற்குப் புறநகர் வேக ஒழுங்கு மையம் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்.

கோயில் கமிட்டிச் செயலாளர் யூஜினிடம் யோசனை கேட்டார். தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் பிரித்து அடுக்கினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"மச்சான், மூணு வழி கீது. ஒத்துக்கினு கட்டலாம். கட்டினா நீ வேகமா போனவன், வேலை கிடையாது. கண்டுக்காம உடலாம். உட்டா சலான் அப்டியே நிக்கும், சான்று கிடையாது. நேர்ல போய் இல்லன்னு சொல்லலாம்."

"சொன்னா?"

"அது தெரியாது. இதுவரிக்கும் யாரும் போனதில்ல."

போனார். பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரி ஷெட்டுகளுக்கு நடுவே நீல பெயின்ட் அடித்த கட்டடம். வாசலில் பெரிய எழுத்தில், 'இயந்திரம் பொய் சொல்லாது. நீங்கள்?' என்று எழுதியிருந்தது. படித்தவுடனேயே வேதமுத்துவுக்குத் தாம் ஏதோ பொய் சொல்லிவிட்டது போல வேர்த்தது.

கவுன்டரில் மதிவதனி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினாள்.

"இந்த மெசேஜ் நெசமா பொய்யான்னு கேக்க வந்தேம்மா."

"நெசம்தாங்க ஐயா. ஆனா நீங்க ஏன் வந்தீங்க?"

"கேக்கத்தான்."

"யாரும் வர மாட்டாங்களே. பாதிப் பேர் லிங்க்கைத் தொட்டு ஒத்துப்பாங்க. மீதிப் பேர் கண்டுக்கவே மாட்டாங்க. ரெண்டு பேரையும் எங்களுக்குப் புரியுது. நேர்ல வர்றவங்களத்தான் புரியல." சொல்லிக்கொண்டே நோட்டில் 'தானாக வந்தார்' என்று எழுதிச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டாள்.

பிறகு கம்ப்யூட்டரில் போட்டோவைக் காட்டினாள். குட்டியானை, பூ, சீரியல் லைட், அந்தோணியார். வண்டிக்கு முன்னால் கூட்டமாக ஆட்கள். வேதமுத்துவுக்கு உயிர் வந்தது.

"பாரும்மா, இழுக்கறாங்க."

மதிவதனி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இல்லங்க ஐயா. வண்டி மோதிடும்னு பயந்து ஓடுறாங்க. பாருங்க, ஒருத்தர் காலிலயும் செருப்பு இல்ல. விட்டுட்டு ஓடியிருக்காங்க."

"கைல கயிறு கீதேம்மா."

"நிறுத்தப் பாத்திருக்காங்க, பாவம்."

வேதமுத்து போட்டோவை மறுபடியும் பார்த்தார். அவள் சொன்ன பிறகு பார்த்தால் ஓடுகிற மாதிரிதான் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மெயின்ரோட்டில் நின்று, டீக்கடையிலிருந்து கோயில் வளைவு வரைக்கும் மணி பார்த்து நடந்து பார்த்தார். ஒருவேளை போயிருப்போமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தலையில் அடித்துக்கொண்டார். எதிர்க்கடைக்காரர் இதையெல்லாம் கவனித்து ஞானகுமாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பெரிய அதிகாரியைப் பார்க்க விட்டார்கள். கண்காணிப்பாளர் ஜெயராமன். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மனம் விட்டுப் பேசினார்.

"இதோ பாரு வேதமுத்து. மெஷின் தப்புன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அப்ப இதுவரைக்கும் அது பிடிச்ச பதினோராயிரம் பேரும் நிரபராதி ஆயிடுவாங்க. பதினோராயிரம் நிரபராதிங்கள வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? உக்கார வைக்க இடம் இருக்கா இங்க? உன் ஒருத்தனக் குற்றவாளியா வெச்சுக்கறது எனக்குச் சுலபம். மனசாட்சிப்படி சொல்றேன்."

"சார், இன்ஜினே ஆப்ல இருந்திச்சு சார்."

"அதுக்கு ஆதாரம்?"

"இழுத்தவங்க முப்பது பேர் கீறாங்க."

"கையெழுத்து வாங்கிட்டு வா. முப்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் நான் நம்ப மாட்டேன்."

வடம் பிடிக்க அடித்துக்கொண்டு வந்த முப்பது பேரும் பேனாவைக் கண்டதும் காணாமல் போனார்கள். கையெழுத்துப் போட்டால் ரோட்டை மறித்த கேஸ் வரும் என்றார் ஒருவர். பாதி ரோட்டில் செருப்பில்லாமல் நடந்ததற்கு ஏதாவது பிரிவு இருக்கும் என்றார் இன்னொருவர். தெருவில் பாதிப் பேருக்கு, இந்தக் கையெழுத்தை வைத்து வேதமுத்து ஏதோ லோன் வாங்கப் போகிறார் என்று சந்தேகம். யூஜின் வீடு வீடாகப் போய், கையெழுத்துப் போடாதவர்களுக்கு அடுத்த வருஷம் வடத்தில் இடம் கிடையாது என்று மிரட்டிய பிறகுதான் முப்பது தேறியது.

வியாழக்கிழமை காலை காகிதத்தை ஜெயராமன் ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். பார்த்து முடித்து, "சரி, இன்ஜின் ஆப். நம்பறேன்" என்றார். வேதமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட வந்திருந்த யூஜின் கும்பிட்டே விட்டார்.

"ஆனா வண்டி அறுபத்தெட்டுல போனதும் உண்மை. அத மெஷின் சொல்லிடுச்சு. அப்ப யார் ஓட்டினா?"

"யாரும் ஓட்டல சார். உள்ள யாருமே இல்ல."

"யாருமே இல்லயா?"

"அந்தோணியார் மட்டும்தான் சார், மேல."

ஜெயராமன் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். முகம் தெளிந்தது. "விதி பதினாலு. வாகனத்தில் ஒரே ஒருவர் இருந்தால் அவரே ஓட்டுநர் எனக் கொள்ளப்படும். இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சம் ஆயிருக்குமே. உன் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டுடலாம். உனக்குச் சுத்தமான சான்று."

யூஜின் திகைத்துப்போய், "சார், அவரு புனிதர் சார்" என்றார்.

"இருக்கட்டுமே. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான். எங்க அம்மன் பேர்ல வந்தாலும் இதேதான் செய்வேன். மதிவதனி, அந்த ஒன்பதாம் நம்பர் படிவத்த எடும்மா."

வேதமுத்து யூஜினைப் பார்த்தார். யூஜின் சுவரைப் பார்த்தார். ரெனிதாவின் யூனிபார்ம் துணியைத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. மறுத்துவிட்டு எழுந்து போகலாம்; போனால் சான்று போச்சு. அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நினைத்து இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

மதிவதனி படிவத்தை நிரப்பினாள். ஒவ்வொரு கட்டமாகக் கேட்டாள்.

"வயசு?"

"சாகும்போது முப்பத்தாறு" என்றார் யூஜின்.

"அதெல்லாம் வேணாங்க. முப்பத்தாறு. முகவரி?"

"கோயில் விலாசம்தான்."

"சொந்த ஊர்?"

"லிஸ்பன். போர்ச்சுகல் நாட்டுல."

மதிவதனியின் பேனா நின்றது. "வெளிநாட்டுக்காரரா? இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்குங்களா?"

"லைசென்ஸே இல்லம்மா."

"சரிங்க, இல்ல. கையில என்னங்க அது? குழந்தையா?"

போட்டோவில் அந்தோணியார் கையில் வழக்கம் போல் குழந்தை இயேசு இருந்தார். அதைச் சொன்னார்கள். மதிவதனி எழுந்து போய் ஜெயராமனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவர் நெற்றியைச் சுருக்கி ஒரு முறை வேதமுத்துவைப் பார்த்தார். முதல் முறையாக அவருக்கு வேதமுத்துவின் மேல் நிஜமான வெறுப்பு வந்தது போலத் தெரிந்தது.

சாயங்காலம் சான்று கைக்கு வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேதமுத்து படிக்கவில்லை; தலைப்பில் 'வேகமின்மைச் சான்று' என்று இருந்ததே போதும். வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் திறந்திருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்று, "மன்னிச்சுக்க சாமி, பொண்ணுக்காகத்தான்" என்று முணுமுணுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் தாளாளர் ஷைலா மேடம் சான்றை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாகவே படித்தார்.

"திரு. வேதமுத்து வேகக் குற்றம் ஏதும் செய்தவர் அல்லர் எனச் சான்றளிக்கப்படுகிறது. எனினும், இவர் தமது வாகனத்தை உரிமம் இல்லாத வெளிநாட்டவர் ஒருவரிடம் ஒப்படைத்துள்ளார். மேற்படி நபர் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, தலைக்கவசமோ இருக்கைப் பட்டையோ இன்றி, நின்றபடியே மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் வாகனத்தை இயக்க, பொதுமக்கள் முப்பது பேர் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு உயிர் தப்பியுள்ளனர். மேற்படி நபர் தற்போது விசாரணைக்கு வராமல் தலைமறைவாக உள்ளார். குழந்தையின் பெற்றோர் பற்றித் தகவல் இல்லை."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"வேதமுத்து, மனசுல பட்டதச் சொல்லிடறேன். வேகமாப் போனேன்னு வந்திருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன். நாங்க சான்று கேக்கறது பைல்ல வைக்கத்தான். பஸ் பத்து நிமிஷம் லேட்டானா பேரன்ட்ஸ் வாட்ஸாப்புல என்னைக் கிழிச்சுடுவாங்க. கொஞ்சம் விரட்டி ஓட்டறவர்தான் எங்களுக்கு வேணும். ஆனா குழந்தை விஷயத்துல நாங்க ரொம்ப கறார்."

"மேடம், அது கொயந்த இல்ல மேடம். அதாவது கொயந்ததான், ஆனா..."

"யாரு பெத்த குழந்தையோ" என்றார் மேடம், உண்மையான வருத்தத்தோடு. "மத்தியானத்துக்குள்ள இத மாத்தி வாங்கிட்டு வாங்க. வெறும் வேகம்னு போட்டுத் தரச் சொல்லுங்க. பாத்துக்கலாம்."

வேதமுத்து எப்படிப் பாடிக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு அறுபத்தெட்டில் போயிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஞானகுமாரி வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். நான்கு நாளாக இந்த மனுஷன் பாடியில் யாரைப் பார்க்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சார், நான்தான் சார் ஓட்டினேன்" என்றார் வேதமுத்து, ஜெயராமன் மேஜையைப் பிடித்துக்கொண்டு. "அந்தோணியார் ஓட்டல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அறுபத்தெட்டுல போனேன். எழுபதுன்னுகூட போட்டுக்கங்க. அந்தக் கொயந்தைய மட்டும் எடுத்துடுங்க சார்."

ஜெயராமன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒருவர் வந்ததில்லை. அவருடைய சந்தேகம் முழுசாக விழித்துக்கொண்டது.

"ஆதாரம்?"

"நானே சொல்றேனே சார்."

"நீ சொன்னா ஆச்சா? முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்ஜின் ஆப்ல இருந்த வண்டிய நீ எப்படிய்யா அறுபத்தெட்டுல ஓட்டியிருப்ப? என்னை முட்டாள்னு நெனச்சியா?"

"அதான சார் நான் மொதல்லேர்ந்து..." என்று இழுத்தார் வேதமுத்து.

ஞானகுமாரி மேஜை மேல் பைலோடு இருந்த போட்டோ பிரிண்டைக் கையில் எடுத்தாள். டப்பாவைப் பிரித்துப் பார்க்கிற பெண் அல்லவா, மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். ஓரத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "சார், இங்க கலங்கலா ஒரு பைக் போவுதே. அது எவ்ளோ வேகம்?"

ஜெயராமன் போட்டோவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதுதாம்மா அறுபத்தெட்டு. அதப் பாத்துத்தான் மெஷின் அடிச்சது. அது எனக்கு முதல் நாளே தெரியும். அந்தப் பைக்குக்கு நம்பர் பிளேட் கிடையாது. நம்பர் இல்லாதவனுக்கு மெசேஜ் எப்படி அனுப்பறது? போட்டோவுல எந்த நம்பர் தெரியுதோ அதுக்குத்தான் அனுப்ப முடியும். நம்பரை நல்லாத் தெரியற மாதிரி வெச்சது உங்க வீட்டுக்காரர் தப்பு."

"அப்ப இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்" என்றாள் ஞானகுமாரி. "போதும். நாங்க பூடறோம்."

ஜெயராமன் நல்லவர்தான் என்று முன்னமே சொன்னேன். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், தேதிகூடப் போட்டுவிட்டார். பிறகு மூடியை மாட்டி மேஜையில் வைத்தார்.

"எழுதினா மெஷின் தப்புன்னு ஆயிடும்மா. உன்கிட்ட வாயால எவ்வளவு வேணா சொல்றேன், நாளெல்லாம் சொல்றேன். எழுதறது மட்டும் முடியாது."

சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். இருவரும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஞானகுமாரி புருஷனை நான்கு நாளில் முதல் தடவையாகச் சந்தேகம் இல்லாமல் பார்த்தாள். "பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத" என்றாள். வேதமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

பள்ளிக்கூடத்தில் அன்று சாயங்காலமே வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அவர் பேரில் ஒரு சலான்கூடக் கிடையாது. அவருடைய வேகமின்மைச் சான்றில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம், ஷைலா மேடம் எல்லோரிடமும் எடுத்துக் காட்டினாராம். திங்கட்கிழமை காலையில் வேதமுத்து சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆவடி வழியாகப் போனபோது, டிரைவர் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பைக்கில் சர்ரென்று முந்திக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட கேட்டுக்குள் திரும்பினார். பைக்கின் பின்னால் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தது.